உள்ளங்கை அரிப்பு, ஈஸ்ட்ரோஜன், 46 என்ற எண்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. தலைப்பிரசவம், இப்போது 33-வது வாரம். வளைகாப்பு முடிந்த அன்று இரவு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. மருதாணி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ரெண்டு நாளில் உள்ளங்காலும் அரித்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. ரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் 46, எஸ்.ஜி.பி.டி. 128, பிலிருபின் 0.8, ஆல்கலைன் பாஸ்பேடேஸ் 310. "ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் ஈரல் இப்படிச் செய்கிறது, மாத்திரை போடுங்கள், 38 வாரத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் என் டாக்டர். வலி தானாக வரட்டும் என்கிறார் மாமியார். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்க வழியே இல்லையா? எள், சோயா, சோம்பு எல்லாம் நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நீர்க்கட்டிக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டபோதும் லேசாக அரித்தது, அதன் விளைவா இது? என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கும் இப்படி அரித்ததாம். நாத்தனாருக்கு எட்டாம் மாதம் பிரஷர் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள், அதற்கும் ஹார்மோன்தான் காரணம் என்றார்கள். எனக்கும் அப்படி ஆகுமா? குழந்தை நன்றாக இருக்குமா?

பதில்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருக்கும்போது மனதைக் குடைவது அந்த ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். குழந்தை நன்றாக இருக்கும் என்று நம்ப உங்கள் ரிப்போர்ட்டிலேயே நல்ல காரணம் இருக்கிறது. 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அரிப்போடு ரத்தத்தில் பித்த அமிலம் ஏறும் இந்தப் பிரச்சினை வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். வயிற்றில் ஒரே குழந்தை இருந்தவர்களில், பித்த அமிலம் 40-க்குக் கீழேயே நின்றவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்தது 0.13 சதவீதம். 40 முதல் 99 வரை போனவர்களுக்கு 0.28 சதவீதம். 100-ஐத் தொட்டவர்களுக்கு 3.44 சதவீதம். முதல் இரண்டும் எந்தக் கர்ப்பிணிக்கும் பொதுவாக இருக்கும் ஆபத்தின் அளவைத் தாண்டவில்லை, மூன்றாவதுதான் தாண்டியது. நீங்கள் 46-ல் இருக்கிறீர்கள். ஆனால் இந்த எண் ஒரே இடத்தில் நிற்காது, 33-வது வாரத்தில் 46 என்பது 36-வது வாரத்தில் 110 ஆகலாம், 30-ஆக இறங்கவும் செய்யலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தத் தாய்மார்களில் பலருக்கு டாக்டர்கள் நேரம் பார்த்துக் கொஞ்சம் முன்கூட்டியே பிரசவம் வைத்தார்கள், அந்த நல்ல கணக்கில் அதற்கும் பங்கு உண்டு. ஆகவே இனி பிரசவம் வரை உங்கள் கவனம் ஈஸ்ட்ரோஜன் மேல் வேண்டாம், பித்த அமில எண் மேல் இருக்கட்டும்.

இதற்குக் கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்று பெயர், டாக்டர்கள் கொலஸ்டேசிஸ் என்பார்கள். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் வரும், உள்ளங்கை உள்ளங்காலில் தொடங்கும், இரவில் கூடும், சொறிந்த கோடுகளைத் தவிரத் தோலில் ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாததால்தான் பலரும் இதைச் சட்டை செய்வதில்லை. சூடு என்பார்கள், வயிறு விரிகிறது என்பார்கள், உங்கள் விஷயத்தில் மருதாணி மேல் பழி விழுந்திருக்கிறது. நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில், ஒரு காலை நேரத்து ஓ.பி.யில், வரிசையில் அறுபது எழுபது பேர் நிற்க, ஒரு பெண் "அரிக்குது டாக்டர்" என்றார். நான் வயிற்றை மட்டும் பார்த்தேன், வயிறு விரியும்போது அப்படித்தான் இருக்கும் என்று கலமைன் எழுதிக் கொடுத்தேன். கையை விரித்துக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்துக் கண் மஞ்சளாகித் திரும்பி வந்தார். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கால் ரெண்டும் புண்ணாகியிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால் அந்தக் கால்களை நான் மறக்கவே இல்லை. இன்றும் கர்ப்பிணி யாராவது அரிக்கிறது என்றால் முதலில் உள்ளங்கையை விரிக்கச் சொல்வேன், அப்புறம் செருப்பைக் கழற்றச் சொல்வேன். உங்கள் டாக்டர் 33 வாரத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார், அவரை நம்பிப் போங்கள்.

இப்போது ஈஸ்ட்ரோஜன். கர்ப்பத்தின் கடைசியில் அது சாதாரண நாட்களைவிடச் சுமார் 50 முதல் 100 மடங்கு இருக்கும். அவ்வளவும் எங்கிருந்து வருகிறது? மாதவிடாய்க் காலத்தில் சினைப்பை சுரக்கிறது, கர்ப்பத்தில் அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் நஞ்சுக்கொடியால் தனியாக அதைத் தயாரிக்க முடியாது, இடையில் தேவைப்படும் ஒரு நொதி அதனிடம் கிடையாது. மூலப்பொருளை அனுப்புவது உங்கள் அட்ரினல் சுரப்பியும் குழந்தையின் அட்ரினல் சுரப்பியும். பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்தச் சுரப்பி, உடம்பு அளவோடு ஒப்பிட்டால், நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. அது அனுப்பும் சரக்கு குழந்தையின் ஈரலில் ஒரு கை பட்டு, நஞ்சுக்கொடிக்கு வந்து ஈஸ்ட்ரோஜனாகி, உங்கள் ரத்தத்தில் கலக்கிறது. அதாவது உங்கள் உடம்பில் இன்று ஓடும் ஈஸ்ட்ரோஜன் நீங்களும் குழந்தையும் நஞ்சுக்கொடியும் கூட்டாகச் செய்தது. இரட்டைக் குழந்தை சுமப்பவர்களுக்கு இந்த அரிப்பு அதிகமாக வருவது இதனால்தான் என்று கருதுகிறோம், அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் கூடுதல்.

இவ்வளவு ஈஸ்ட்ரோஜன் ஈரலில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கின்றன. ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் செய்கிறது. கொழுப்பைக் கரைக்க அது குடலுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஈரல் செல்லின் ஓரத்திலும் அதை வெளியே பித்தநீர்க் குழாய்க்குள் தள்ளும் சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன, அவையும் புரதம்தான். எத்தனை பம்பு வேண்டும் என்று முடிவு செய்ய ஈரல் செல்லுக்குள் ஒரு காவலாளி உண்டு, எஃப்.எக்ஸ்.ஆர். என்று பெயர். பித்த அமிலம் கூடினால் அவர் உணர்ந்து, இன்னும் பம்பு செய் என்று மரபணுவுக்குச் சொல்லுவார். ஈரல் செல்லில் ஈஸ்ட்ரோஜனுக்கும், அதன் சேதியை வாங்க, ஓர் ஏற்பி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதில் போய் உட்கார்ந்ததும் அது அந்தக் காவலாளியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. பம்பு செய்யும் உத்தரவு குறைகிறது. அது ஒரு அடி. இரண்டாவது அடி, வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனை ஈரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு கோத்துக் கழிவாகப் பித்தநீரில் விடுகிறதே, அந்தக் கழிவு குழாய்க்குள் போனபிறகு இருக்கிற பம்புகளையும் வெளிப்பக்கத்திலிருந்து மந்தமாக்குகிறது. லோ வோல்டேஜில் ஓடும் வயல் மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள், உறுமும், ஆனால் தண்ணீர் ஏறாது. ஈரல் பம்பும் அப்படித்தான் ஆகிறது. வெளியே போக வேண்டிய பித்த அமிலம் எதிர்த்து ரத்தத்துக்குள் ஏறுகிறது. அதைத்தான் ரிப்போர்ட்டில் 46 என்று பார்க்கிறீர்கள். கர்ப்பத்தின் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் கழிவுப் பொருள்களும் இதே வேலையைச் செய்கின்றன, அரிப்பில் அவற்றின் பங்கு பெரியது என்றே இப்போது தெரிகிறது. அதனால் பழியை ஈஸ்ட்ரோஜன் ஒன்றின் தலையில் மட்டும் வைக்க முடியாது. வாய்வழி புரோஜெஸ்டிரோன் மாத்திரை எதையாவது இன்னும் தொடர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் கை உண்டு என்று எப்படித் தெரியும்? 1967-ல் அமெரிக்காவில், கர்ப்பத்தின்போது இந்த நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பமே இல்லை, ஆனாலும் அரிப்பும் ஈரல் மாற்றமும் திரும்பி வந்தன. பிறகு எலிகளில், அந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாமல் பிறக்க வைத்த எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது ஈரல் தப்பித்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தும், அதன் சேதியை வாங்க ஆள் இல்லாததால் கெடுதல் நடக்கவில்லை. நீர்க்கட்டிக்கு நீங்கள் சாப்பிட்ட மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது இதே செயற்கை ஈஸ்ட்ரோஜன், எதினைல் ஈஸ்ட்ராடியால். அன்று லேசாக அரித்தது ஒரு முன்னறிவிப்பு. அந்த மாத்திரை இன்றைய பிரச்சினையைக் கொண்டுவரவில்லை, உங்கள் ஈரலுக்கு ஈஸ்ட்ரோஜன் என்றால் கூச்சம் அதிகம் என்பதை மட்டும் காட்டிக் கொடுத்தது. நீர்க்கட்டிக்கு வைத்தியம் செய்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

எல்லாக் கர்ப்பிணிக்கும் ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது, எல்லோருக்கும் அரிப்பதில்லை. வித்தியாசம் பம்பில் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுக்களில் சிறு மாற்றம் உள்ளவர்களுக்குச் சாதாரண நாட்களில் ஒரு குறையும் தெரியாது, கர்ப்பத்தின் பாரம் ஏறும்போதுதான் வெளிப்படும். அம்மா சொன்னதை அதனால் நான் முழுசாக நம்புகிறேன். இந்த நோய் சில மக்களிடம் மிக அதிகம்: தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் பூர்வகுடி மரபில் வந்த பெண்களிடம் 1970-களில் நான்கில் ஒருவருக்குக்கூட வந்தது. இங்கிலாந்தில் எல்லாக் கர்ப்பிணிகளையும் சேர்த்தால் 0.7 சதவீதம்தான், அங்கே வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடம் மட்டும் 1.2 முதல் 1.5 சதவீதம். நம் பெண்களின் அரிப்பை இரண்டு மடங்கு கவனமாகக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எள், சோயா, சோம்பு நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்பச் சாப்பிடுங்கள். அவற்றில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் போன்ற மிக பலவீனமான தாவரப் பொருள். உங்களுக்குள் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து நாள் முழுக்கச் செய்யும் ஹார்மோனுக்கு முன்னால் ஒரு எள்ளுருண்டை எந்த மூலைக்கு? எள்ளில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, இந்த மாதத்தில் வேண்டியது. நெய், எண்ணெயை மொத்தமாக ஒதுக்கவும் தேவையில்லை. பித்தம் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் யாராவது கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள், அதை மட்டும் வேண்டாம் என்பேன். கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அது பாதுகாப்பு என்று காட்டும் நல்ல ஆய்வு கிடையாது, ஏற்கெனவே திணறும் ஈரலில் புதுச் சரக்கு எதையும் இறக்க வேண்டாம்.

சரி, மருந்து கொடுத்தாவது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கலாமே என்று தோன்றும். கூடாது, ஏனென்றால் அது தேவை. கருப்பைக்கு ரத்த ஓட்டம் பெருகுவதிலும், மார்பகம் பாலுக்குத் தயாராவதிலும், பிரசவ நேரத்தில் கருப்பைவாய் இளகுவதிலும் அதன் கை இருக்கிறது. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் செய்யும் நொதியே மரபணுக் குறையால் இருக்காது. அப்போது ஈஸ்ட்ரோஜனாக மாறாத மூலப்பொருள் ஆண் ஹார்மோனாகத் தாயின் ரத்தத்தில் தேங்கி, அவருக்கு முகத்தில் முடி முளைத்து, குரல் கட்டையாகும், பெண் குழந்தையின் உடலிலும் ஆண் அடையாளம் தெரியும். இந்த ஹார்மோனில் அவசரப்பட்டுக் கைவைத்து உலகம் ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1938-ல் இங்கிலாந்தில் டை எதில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தார்கள். கருச்சிதைவும் மற்றச் சிக்கல்களும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருகின்றன என்று நம்பி 1940-களிலிருந்து அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-லேயே சிகாகோவில் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்து, பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள், அப்படியும் எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை. 1971-ல் பாஸ்டனில், அந்த மாத்திரையைச் சாப்பிட்ட தாய்மார்களின் பெண் குழந்தைகளுக்கு, இருபது வயதை ஒட்டி, பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் இருந்தபோது வாங்கிய ஒரு தவறான சேதி இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. அந்த மகள்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். கர்ப்பிணியின் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுவது குறைப்பது பற்றி யாராவது சுலபமாகப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை உர்சோடிஆக்ஸிகோலிக் ஆசிடாக இருக்கும். அதுவும் ஒரு பித்த அமிலம்தான், ஈரலுக்கு உறுத்தாத வகை. ஈஸ்ட்ரோஜனை அது தொடாது, மந்தமான பம்புக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். 2019-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 33 மருத்துவமனைகளில் 605 பெண்களை வைத்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்கு அரிப்பு கொஞ்சம் குறைந்தது, குழந்தைக்கு வரும் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பல ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே குழந்தை சுமப்பவர்களுக்குக் குறைப்பிரசவத்தைக் கொஞ்சம் தடுக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆகவே சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. மாத்திரைதான் போடுகிறோமே என்று பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ஆல்கலைன் பாஸ்பேடேஸ் 310 என்பதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நஞ்சுக்கொடியே அந்த நொதியைச் செய்வதால் கடைசி மாதங்களில் எல்லோருக்கும் உயரும். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 128 என்பது ஈரல் உறுத்தலில் இருக்கிறது என்று சொல்கிறது. பிலிருபின் சரியாக இருக்கிறது, காமாலை இல்லை. பித்த அமிலத்துக்குப் பக்கத்தில் சாதாரண அளவு 10 வரை என்று போட்டிருந்தால் அது கர்ப்பிணி அல்லாதவர்களின் கணக்கு. கர்ப்பத்தில், சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் 18 வரை போகலாம், 19 முதல் 39 வரை லேசானது, 40 முதல் 99 வரை நடுத்தரம், 100-லிருந்து கடுமை. வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, ஆனால் முடிந்தவரை ஒரே லேபில், ஒரே மாதிரி நேரத்தில் எடுங்கள், அப்போதுதான் போன வாரத்தோடு ஒப்பிட முடியும். நம் ஊர்களில் பல இடங்களில் இதை வெளியூர் லேபுக்கு அனுப்பித்தான் பார்க்கிறார்கள், ரிசல்ட் வர நாள் ஆகும், அதையும் கணக்கில் வைத்துத் தேதி போடுங்கள். எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என்பதை டாக்டர் சொல்வார், 35 வாரத்தை நெருங்கும்போது வாரம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது. மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கும் ரத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். எல்லா அரிப்பும் ஈரல் உறுத்தலும் ஹார்மோன் வேலை கிடையாது, நம் நாட்டில் தண்ணீர் மூலம் பரவும் 'ஹெபடைடிஸ் ஈ' வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்து. ஒரு ஸ்கேனில் பித்தப்பைக் கல்லையும் பார்த்துவிடலாம்.

இனி மாமியார் விஷயம். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அவரையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டரே சொல்லட்டும். அவருக்குப் புரிய வைக்க வேண்டியது இதுதான்: இந்த நோயில் குழந்தை மெல்ல மெல்ல வாடிப் போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்கள் மேல் பித்த அமிலத்தை விட்டபோது அவை துடிக்கும் தாளம் கெட்டது. மனிதக் குழந்தையிலும் இப்படித் திடீரென்று இதயத் தாளம் பிசகுவதுதான் காரணம் என்று கருதுகிறோம். அதனால்தான் இன்று எடுத்த ஸ்கேனும் இதயத்துடிப்புப் பதிவும் சரியாக இருந்தாலும் நாளைக்கு உத்தரவாதம் தராது. நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது. உங்களைப் போல 40-க்கும் 99-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு 38 முதல் 39 வாரத்துக்குள் பிரசவத்தைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல். 100-ஐத் தொட்டால் 35, 36 வாரத்திலேயே. உங்கள் டாக்டர் சொன்ன 38 அதோடு ஒத்துப்போகிறது. 38 வாரம் என்றால் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, வலி வர மருந்து வைத்துச் சுகப்பிரசவத்துக்கே முயற்சி செய்யலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு வெளிறிப் போனால் இப்போதே சொல்லுங்கள், கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் வைட்டமின் கே குறைந்திருக்கலாம், பிரசவத்தில் ரத்தப்போக்கு கூடாமல் இருக்க அதை முன்னாலேயே கொடுப்பார்கள்.

நாத்தனாருக்கு வந்தது வேறு. ஹார்மோன் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டார்கள், உண்மையில் ஈஸ்ட்ரோஜனைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட எதிர்த்திசை. உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேதி ஈரலில் அதிகமாகக் கேட்கிறது. பிரஷர் ஏறும் அந்த நோயில், ரத்தக்குழாயை இளக்கி விரிய வைக்கும் ஈஸ்ட்ரோஜனும் அதிலிருந்து வரும் ஒரு துணைப்பொருளும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அந்தத் துணைப்பொருளைச் செய்ய முடியாத எலிகளுக்குக் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியது, அதைக் கொடுத்ததும் குறைந்தது என்று 2008-ல் 'நேச்சர்' இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அதை வைத்து மனிதர்களுக்கு இன்னும் மருந்து வரவில்லை. அந்த நோயின் வேர் ஆரம்ப வாரங்களில், நஞ்சுக்கொடி கருப்பையின் ரத்தக்குழாய்களில் சரியாக வேரூன்றாமல் போவதில் இருக்கிறது. நாத்தனார் அடுத்த குழந்தைக்குத் தயாராகும்போது மூன்றாம் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்னால் வரும் அந்த நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது, 2017-ல் வந்த முடிவு இது. உங்களுக்கு? பித்தத்தேக்கம் உள்ளவர்களுக்குப் பிரஷர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், வலது மேல்வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கண் மஞ்சளானால், காய்ச்சலோ மந்தமான தூக்கமோ வந்தால், குழந்தையின் அசைவு குறைந்த மாதிரித் தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், வண்டி இல்லையென்றால் 108.

அதுவரை ராத்திரியை எப்படிக் கடப்பது? படுக்கப் போகுமுன் குளிர்ந்த தண்ணீரில் கால் நனைத்து, ஒற்றித் துடைத்து, மென்தால் கலந்த க்ரீம் தடவிப் பாருங்கள். கொஞ்சநேரம் ஏமாற்றும், அந்த நேரத்துக்குள் தூக்கம் வந்துவிடும். பருத்தி நைட்டி, ஒட்ட வெட்டிய நகம். தூங்கவே முடியவில்லை என்றால் அரிப்பைக் கொஞ்சம் தணித்துத் தூக்கம் தரும் பழைய ரக அலர்ஜி மாத்திரை உண்டு, உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வளைகாப்புக் கண்ணாடி வளையல்களை இரவில் மட்டுமாவது கழற்றி வையுங்கள் அல்லது மேலே ஒரு மெல்லிய துணி சுற்றுங்கள், தூக்கத்தில் சொறியும்போது உடைந்து மணிக்கட்டைக் கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன் தொழிற்சாலையே மூடிவிடும். பெரும்பாலும் சில நாளில் அரிப்பு போய்விடும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு வாரம் கழித்து ஈரல் பரிசோதனையை ஒரு முறை திரும்ப எடுங்கள், அப்போதும் சரியாகவில்லை என்றால் வேறு ஈரல் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கருத்தடைக்கு மாலா போன்ற, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு என் முதல் தேர்வாக இருக்காது, அதுவும் முன்பே ஹார்மோன் மாத்திரையில் அரித்தது என்று நீங்கள் சொல்லும்போது. காப்பர்-டி-யில் ஹார்மோனே இல்லை, பிரசவம் முடிந்த கையோடு அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். பின்னாளில் நீர்க்கட்டிக்கோ வேறு எதற்கோ யார் ஹார்மோன் மாத்திரை எழுதினாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த கர்ப்பத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது திரும்ப வருகிறது, அதனால் இந்த 46 வந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள், முதல் விசிட்டிலேயே காட்டுங்கள். பிறப்பது மகளாக இருந்தால், உங்கள் அம்மா உங்களிடம் சொன்னது போல நீங்களும் ஒரு நாள் அவளிடம் சொல்லுங்கள். கையோடு அந்த ரிப்போர்ட்டையும் கொடுங்கள்.